அழிப்பதற்கு முன் படிக்க வேண்டிய கோப்பு

லினக்ஸ் கணினியில் பெரிய மேம்படுத்தல் ஒன்றை முடித்து மறுதொடக்கம் செய்தபின், "அமைப்புகள்" செயலியே காணவில்லை என்ற முறையீடு ஆய்வு மாணவர் விடுதிகளில் புதிதன்று. திரையின் ஒளி, எழுத்தின் அளவு, விசைப்பலகையின் மொழி, ப்ரொஜெக்டர் இணைப்பு என அனைத்துக்கும் அதுவே வாயில். வாயில் மறைந்ததும் உள்ளிருந்தவை யாவும் போய்விட்டன என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அடுத்து எழும் முதல் யோசனை, வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. உண்மையான இழப்பு பெரும்பாலும் அந்த யோசனையில்தான் தொடங்குகிறது.

"அமைப்புகள் போய்விட்டன" என்ற ஒரே வாக்கியம் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். முதலாவது, அமைப்புகளைத் திறக்கும் நிரல் நீக்கப்பட்டிருப்பது. க்னோம் பணிச்சூழலில் அதன் பெயர் க்னோம் கண்ட்ரோல் சென்டர். அது தனியொரு பொதி. இரண்டாவது, நிரல் இருந்தும் பயனரின் தெரிவுகள் படிக்கப்படாமலோ எழுதப்படாமலோ இருப்பது. க்னோம் இத்தெரிவுகளைப் பயனரின் இல்ல அடைவுக்குள், மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவில், டீகான்ஃப் என்னும் சிறு தரவுத்தளமாகச் சேமிக்கிறது. வரைகலைச் செயலியொன்றை எப்போதேனும் நிர்வாகி உரிமையுடன் இயக்கியிருந்தால், அக்கோப்பின் உரிமை நிர்வாகியின் பெயருக்கு மாறிவிடக்கூடும். அதன்பின் பயனர் செய்யும் எந்த மாற்றமும் நிலைப்பதில்லை. மூன்றாவது, நீட்சிகள் செயலிழப்பது. 2023 செப்டம்பரில் வெளிவந்த க்னோம் 45, நீட்சிகளை ஏற்றும் முறையையே மாற்றியது. அதற்கு முன் எழுதப்பட்ட நீட்சிகள் திருத்தி எழுதப்படும்வரை அதில் இயங்கவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுப்பதே ஆபத்து.

வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்நாட்டிலிருந்து சென்று முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவருக்கு இது நேர்ந்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவை. கையில் இருந்ததோ இரண்டாம் கைக் கணினி. ஆய்வுச் சுருக்கத்தை ஒப்படைக்க நான்கு நாட்கள் இருந்தன. மேம்படுத்தல் முடிந்து திரை ஒளிர்ந்தபோது அமைப்புகளின் சின்னம் இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் இல்லை. மேற்கோள்களைத் தமிழிலேயே தர வேண்டிய ஆய்வில் ஒரு வரிகூடத் தட்டச்சிட முடியவில்லை. பக்கத்து அறைத் தங்கை, "அக்கா, பேசாம ஃபார்மேட் பண்ணிடலாம், ஒரு மணி நேர வேலை" என்றாள். பென் டிரைவும் தயாராக இருந்தது.

ஆனால் அந்த வட்டில் தனிப் பகிர்வு எதுவும் இல்லை. இயங்குதளமும் இல்ல அடைவும் ஒரே இடத்தில் இருந்தன. இல்ல அடைவில் களப்பணியின் நேர்காணல் ஒலிப்பதிவுகள் இருந்தன. கடைசிக் காப்புநகல் எடுத்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த எட்டு மாதங்களில் பேசியவர்களுள் இருவர் இப்போது உயிருடன் இல்லை. நேரமிச்சம் என்று தோன்றிய அந்த ஒரு மணி நேர வேலையின் விலை அவ்விரு குரல்கள்.

அவர் முதலில் ஒலிப்பதிவுகளை வெளிவட்டுக்கு நகலெடுத்தார். பிறகு முனையத்தில் புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கி அதில் நுழைந்து பார்த்தார். எளிய சோதனைதான், ஆனால் பாதி வழக்கை அதுவே தீர்த்துவிடும். புதிய கணக்கில் எல்லாம் சரியாக இருந்தால் பழுது பயனரின் இல்ல அடைவில். அங்கும் குறை இருந்தால் பழுது கணினிக்குப் பொதுவானது. புதிய கணக்கிலும் அமைப்புகள் இல்லை. ஆகவே இல்ல அடைவைத் தொட வேண்டிய தேவையே இல்லை என்பது உறுதியாயிற்று.

அடுத்தது சான்று. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் ஏபிடி என்னும் பொதி மேலாளர், தான் நிறுவியதையும் நீக்கியதையும் நாள், நேரம், இட்ட கட்டளை ஆகியவற்றுடன் எழுதிவைக்கிறது. வார் அடைவின் லாக் பகுதியில், ஏபிடி என்ற உள்ளடைவில், ஹிஸ்டரி என்ற பெயரில் அக்கோப்பு இருக்கும். முந்தைய இரவின் பதிவில், நீக்கப்பட்டவை என்ற வரியில், க்னோம் கண்ட்ரோல் சென்டரும் தமிழ் உள்ளீட்டுக்கு உதவும் ஐபஸ் எம்17என் பொதியும் அடுத்தடுத்து இருந்தன. புள்ளியியல் பணிக்காக முன்பு சேர்த்திருந்த வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து வந்த நூலகங்கள் புதிய பதிப்போடு பொருந்தவில்லை. சாதாரண மேம்படுத்தல் கட்டளை எந்தப் பொதியையும் நீக்காது. முழு மேம்படுத்தல் கட்டளை முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக நீக்கும். நீக்கப்போவனவற்றின் பட்டியலை அது முன்னரே காட்டி ஒப்புதலும் கேட்கிறது. நள்ளிரவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடும்போது அந்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்?

ஒவ்வாத நூலகம் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை ஏபிடி பாலிசி என்ற கட்டளை காட்டியது. அக்களஞ்சியத்தை முடக்கி, நூலகத்தை இயங்குதளத்தின் சொந்தப் பதிப்புக்குத் திருப்பி, நீங்கிய இரு பொதிகளையும் மீண்டும் நிறுவியதும் வேலை முடிந்தது. மறுமுறை உள்நுழைந்தபோது எழுத்துரு, தமிழ்99 இரண்டும் முன்பு வைத்தபடியே இருந்தன; எதையும் புதிதாகத் தெரிவுசெய்ய நேரவில்லை. தெரிவுகள் டீகான்ஃபில் அப்படியே கிடந்தன. அவற்றைப் படிக்கும் நிரல்தான் இல்லாதிருந்தது.

ஆவணக்காப்பகத்தில் பணிபுரிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு பழக்கமானது. அட்டவணையில் இல்லாத ஏடு அலமாரியில் இருக்கக்கூடும். ஏடு இல்லை என்று எழுதுமுன் பதிவேட்டைப் பார்ப்பது ஆய்வின் பால பாடம். அதே மனிதர்கள் கணினி முன் அமர்ந்ததும் அப்பாடத்தை மறந்துவிடுகிறார்கள். கணினி விளக்கம் கேட்க முடியாத பொருள் என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதே காரணம். லினக்ஸின் சிறப்பு அது பழுதடையாது என்பதன்று. பழுதானதன் கதையைப் படிக்கும் எழுத்தில், பயனருக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பது.

மேம்படுத்தலுக்கு முன் செய்ய வேண்டியவை சிலவே. டீகான்ஃப் டம்ப் கட்டளையால் டீகான்ஃபில் உள்ள தெரிவுகளை ஓர் உரைக்கோப்பாக எடுத்துவைக்கலாம். விரும்பி நிறுவிய பொதிகளின் பட்டியலையும் அவ்வாறே சேமிக்கலாம். வெளிக் களஞ்சியங்களை முடக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. டைம்ஷிஃப்டை நம்பியிருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும்: இயல்பான நிலையில் அது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கிறது, இல்ல அடைவு அதில் சேராது. ஆய்வேடும் ஒலிப்பதிவும் தனியே வெளிவட்டில் இருக்க வேண்டும். நீக்கப்போகும் பொதிகளின் பட்டியல் திரையில் வரும்போது, ஒப்புதல் விசையை அழுத்துமுன் அந்த ஒரு பத்தியை மட்டுமேனும் நிதானமாகப் படித்தல் நலம்.