அம்மா கழுவிய தண்டவாளம்

1998இல் தீட்சா பூமியைப் பார்க்க நாக்பூர் போனேன். ராத்திரி முழுக்க ரயிலில் படுத்துக்கொண்டு போனது அதுதான் முதல் முறை. ஸ்லீப்பர் பெட்டி, நடு பெர்த். கீழ் பெர்த்காரர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், அப்பாவுக்கு என்ன வேலை என்றார். எதைத் தேடுகிறார் என்று நமக்குத் தெரியாதா?

"அப்பா இல்லீங்க. அம்மா ஸ்டேஷன்ல தண்டவாளம் கழுவுறாங்க."

தண்ணீர் பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. பத்து மணிக்கு நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டி, அவருக்கு மேலேதான் படுத்தேன். நன்றாகவே தூங்கினேன்.

விடிந்ததும் கழிவறைக்குப் போனால், ஓட்டை வழியே கீழே ஜல்லி ஓடுகிறது. வண்டி நிற்கும்போது பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. நிலையத்தில் நின்றபோதுதான் வரிசையே நின்றது, அவரும் நின்றார். அம்மாவின் கைக்கு வருவது எங்கிருந்து வருகிறது என்பதை அன்றுதான் மேலேயிருந்து பார்த்தேன்.

மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டவாளத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கம்: அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் அள்ளினால் அவர் மலம் அள்ளுபவர் ஆகமாட்டாராம்! கையுறை மாட்டினால் சாதி மாறிவிடுமா? 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இதை ஒழிக்கக் காலக்கெடுவோடு திட்டம் போடும்படி ரயில்வேக்குச் சொன்னது.

இப்போது பெட்டிகளில் பயோ கழிப்பறை வந்திருக்கிறது. நல்லதுதான். அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் ஒப்பந்தக்காரர் எந்தத் தெருவுக்கு ஆள் தேடி வருகிறார்?