வெற்றுக் குழாய்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்றதும் எமது நினைவில் எழுந்தது பழைய ஆய்கூடத்து வெற்றுக் குழாயொன்றே.

நுவரெலியா செல்லும் மாணாக்கர் ஹக்கலைப் பூந்தோட்டத்தில் மலர் கண்டு திரும்புவர். 1861 இல் அத்தோட்டம் அமைந்தது மலருக்காகவன்று, சிங்கோனா வளர்ப்பதற்காகவே. மலேரியாக் காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தாயிருந்த குயினைன் அம்மரப்பட்டையிற் கிடைப்பது. அதனை ஐதான சல்பூரிக்கமிலத்திற் கரைத்து, கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிரைச் செலுத்தினால் நீலமாய் ஒளிரும். 1852 இல் ஸ்டோக்ஸ் இவ்வொளிர்வை ஆராய்ந்து பெயர் சூட்டினார். புளோரொளிர்வு என நாம் வழங்குவது அதனையே.

கழியூதா விளக்குக்கு யாம் எங்கே போவது? நாணயத்தாள் பரிசோதிக்கும் சிறு விளக்கொன்றைக் கண்டி நகரக் கடையொன்றில் இரவல் வாங்கி வந்தார் எமது ஆசிரியர். கரைசலைப் பத்து மடங்கு, பின்னும் பத்து மடங்கு என ஐதாக்கிச் சென்றோம். கோடியில் ஒரு பங்கு கொண்ட குழாயும் ஒளிர்ந்தது! ஏட்டில் மையால் எழுதிச் சிவப்புக் கோடும் இட்டுவிட்டோம். ஆசிரியர் ஒன்றும் பேசாது, குயினைன் சேராத குழாயொன்றை விளக்கின்கீழ்ப் பிடித்தார். அதுவும் ஒளிர்ந்தது. குழாய்களைச் சலவைத் தூளாற் கழுவியிருந்தோம். துணி வெண்மையாய்த் தோன்ற அத்தூளிற் சேர்க்கும் பொருளும் புளோரொளிர்வது. பக்கத்தைக் கிழிக்க முனைந்தோம். அவர் விடவில்லை, கீழே காரணத்தை எழுதச் சொன்னார்.

பல்லாண்டு கழித்து மயிர்த்துளைக் குழாய் மின்பெயர்ச்சி பற்றிப் படித்தபோது அக்குழாயே நினைவுக்கு வந்தது. 1981 இல் அமெரிக்காவில் ஜோர்கென்சனும் லூக்காக்ஸும் 75 மைக்ரோமீற்றர் துளையுடைய கண்ணாடிக் குழாயில் 30,000 வோல்ற்று வரை செலுத்திக் கலவைகளைப் பிரித்தனர். மூலக்கூறுகள் தத்தம் ஏற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற வேகத்தில் நகர்ந்து பிரியும். தலைமயிரளவான துளையில் ஒளி கடக்கும் தூரம் மிகக் குறுகியது. உறிஞ்சப்பட்ட ஒளியை அளந்து நுண்ணளவைக் காண்டல் அரிது. ஆதலின் ஒளிராப் பொருளுக்கு ஒளிரும் சாயத்தை ஒட்டி, லேசர்க் கதிராற் தூண்டுவர்.

லேசரைப் பெருக்கினாற் போதுமென்று யாமும் எண்ணியதுண்டு. கதிர் பெருகக் கண்ணாடிச் சுவர் சிதறும் ஒளியும் பெருகுமே! 1988 இல் கனடாவில் செங்கும் டொவிச்சியும் அச்சுவரையே அப்பால் விலக்கினர். குழாய் முனையினின்று வெளிவரும் இழையைத் தூய கரைசலோட்டம் சூழ்ந்து செல்ல, அவ்விடத்தில் லேசரைப் பாய்ச்சினர். மனித மரபணுத் தொகுதியை வாசித்த பொறிகள் சிலவற்றிலும் பின்னர் இவ்வுபாயமே அமைந்தது.

எமக்கு வாய்த்தது காய்ச்சி வடித்த நீர் மாத்திரமே. மறுநாள் குழாய்களைப் பன்முறை அலசி, சாளரங்களிற் கறுப்புத் துணி கட்டிப் பார்த்தோம். எமது கோடி, இலட்சமாய்ச் சுருங்கிற்று. வெற்றுக் குழாய் இருண்டிருந்தது.