கரையில் மூட்டிய அடுப்பு



சென்ற மாதம் நம் சபையின் ஏழு குடும்பத்தார் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு வீடு எடுத்து மூன்று நாள் தங்கினோம். 1706ஆம் ஆண்டு சீகன்பால்க் ஐயர் வந்திறங்கிய கரை அது. முதல் நாள் மாலை, திண்ணையில் அமர்ந்து இளைப்பாறுதலைக் குறித்துத் தியானம் நடத்தினேன். ஆண்கள் உருக்கமாக ஆமென் என்றனர். பெண்கள் ஒருவரும் அங்கில்லை என்பதை நான் கவனிக்கவேயில்லை. தண்ணீர் குடிக்க உள்ளே சென்றபோதுதான் கண்டேன்: அனைவரும் சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூத்த அம்மாள் ஒருவர், "ஐயா, அலைச்சத்தம் இங்கேயும் நன்றாகவே கேட்கிறது" என்றார். அதில் குறைசொல்லும் தொனி இல்லை. அதனாலேயே அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

யோவான் 21ஆம் அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்காக, உயிர்த்த ஆண்டவர் தாமே கரையில் நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். பேதுருவைப் பற்றிப் பேசும் அவசரத்தில் அந்த அடுப்பை நான் எப்போதும் கடந்து சென்றுவிடுவேன்.

மறுநாள் விடியற்காலையில் ஆண்களை எழுப்பினேன். உப்புமா அடிப்பிடித்தது, காபியில் சர்க்கரை போட மறந்தோம். எட்டு மணிக்கு அழைக்கப் போனேன். பெண்கள் முழங்காலளவு தண்ணீரில் கைகோத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் அவர்களுள் இருந்தாள். உப்புமா ஆறினால் ஆறட்டும் என்று அழைக்காமலே திரும்பினேன்.