தெரிவு செய்யப்படாதோர்

பட்டம் பெற்றவனுக்குப் பதவி காத்திருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே எமது பெற்றோர் தம் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றனர். வயலை ஈடுவைத்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும் வளர்க்கப்படுகின்ற அந்த நம்பிக்கை, ஒருநாள் இரண்டு வரித் தாளொன்றில் வந்து முடிந்துபோவதுமுண்டு. 2015ஆம் ஆண்டின் இறுதியில் எமக்கும் அத்தகைய தாளொன்று தபாலில் வந்தது. பல்கலைக்கழகமொன்றின் தமிழ்த்துறையிலே தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தோம். நேர்முகப் பரீட்சைக்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தனர். இடமோ ஒன்று. தெரிவு செய்யப்படாத பதினேழு பேரில் நாமும் ஒருவர்.

தம்பலகாமத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய வயல்வெளி பெரும்போகப் பயிரால் பசுமை பூண்டிருக்கும். விடியுமுன்னரே ஊர் வயலில் நிற்கும். நாம் மட்டும் வீட்டினுள் முடங்கிக் கிடந்தோம். சந்தித் தேநீர்க்கடையில் இருப்போர், ‘என்ன தம்பி, வேலை சரி வந்திட்டுதா?’ என்று அன்போடுதான் கேட்பார்கள். அந்த அன்புக்கு அஞ்சி, கடையைத் தவிர்த்து வயல் வரம்பால் சுற்றிப் போகப் பழகினோம். தந்தையார் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டாரல்லர். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வாசலில் நின்று, ‘வெயில் ஏறுது தம்பி, எழும்பு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நாம் எழுவதற்குப் பத்து மணியாகும். பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த நூல்கள் பெட்டியிலேயே கிடந்தன. நேரம் மலைபோற் குவிந்திருந்தது. ஆயினும் ஒரு பக்கமேனும் வாசிக்க எம்மால் இயலவில்லை.

எம்மைப் பிடித்திருந்தது சோம்பல் என்றே அக்காலத்தில் எண்ணி வெட்கினோம். பின்னர் மரியந்தால் என்னும் சிற்றூரைப் பற்றி வாசித்தபோதுதான் உண்மை ஓரளவு விளங்கிற்று. ஒஸ்திரியாவிலே வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள அவ்வூர், ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் தலைதூக்கிய 1929-30 காலப்பகுதியில் அவ்வாலை மூடப்பட்டது. மரி யஹோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அம்மக்களின் வாழ்வை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். வேலையிழந்தோருக்கு நேரம் ஏராளமாக இருந்தது. ஊரில் நூலகமும் இருந்தது. எனினும் இரண்டாண்டுகளுக்குள் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்களிற் பலர் கடிகாரம் வைத்திருப்பதையே கைவிட்டனர். வீதியில் நடக்கும்போது அடிக்கடி நின்றனர். அடுப்பும் பிள்ளைகளும் காத்திருந்த காரணத்தால் பெண்கள் மாத்திரம் விரைந்து நடந்தனர்.

இதைப் படித்தபோது எமது அறையும் மூடிய பெட்டியும் நினைவுக்கு வந்தன. மனிதனுடைய பொழுதை ஒழுங்குபடுத்துவது, அவனுக்காக வேறொருவர் காத்திருக்கிறார் என்ற உணர்வே. அது அற்றுப்போனால் எண்ணற்ற மணித்தியாலங்களும் பயனற்றவையாகின்றன. தன்னந்தனியே அறைக்குள் இருந்து ஊக்கத்தை வரவழைக்க முயல்பவன், நீரில்லாத வாய்க்காலில் வக்கடை கட்டுபவனை ஒத்தவன்.

எமக்கு நீர் வந்த வழி மிகச் சிறியது. 2016ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, அயல்வீட்டுச் சிறுமி தமிழ் இலக்கியப் புத்தகத்தோடு வந்து நின்றாள். அவ்வாண்டு அவள் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்தாள். ஒரு செய்யுளுக்குப் பொருள் கேட்டாள். வேண்டாவெறுப்பாகவே சொல்லிக் கொடுத்தோம். போகும்போது வேலியடியில் திரும்பி நின்று, ‘அண்ணா, நாளைக்கும் படிப்பிப்பீங்களா?’ என்றாள். ஆம் என்று சொல்லிவிட்டோம். மறுநாள் அவளோடு மேலும் இருவர் வந்தனர். அடுத்த கிழமை திண்ணையில் இடம் போதவில்லை. நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் இரண்டு மணிக்கு நாம் பாடத்தைப் பார்த்தாக வேண்டும், அதற்கு நூல் வேண்டும், பெட்டி திறக்கப்பட்டது. தேநீர்க்கடை வழியாகவே மீண்டும் நடக்கலானோம். ‘இன்னும் வேலை சரி வரேல்ல அண்ணே, பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன்’ என்று சொல்ல நாவும் கூசவில்லை.

இதை ஒரு நீதிக்கதையாக எவரும் கொள்ளலாகாது. திண்ணை வகுப்பு வயிற்றை நிரப்புவதில்லை. உதவிக்கு வந்த மனநிறைவைக் காட்டி, ஊதியத்தை மறந்துவிடு என்று இளைஞனுக்கு உபதேசிப்பது கொடுமை. இன்று ஊக்கமூட்டும் நூல்களும் சொற்பொழிவுகளும் பெருகிவிட்டன. ‘உன்னை மாற்றிக்கொள், உலகம் மாறும்’ என்று அவை கூறுகின்றன. பதினெட்டுப் பேரும் தம்மை எவ்வளவுதான் மாற்றிக்கொண்டாலும் ஓரிடம் ஈரிடமாகிவிடுமா? எஞ்சிய பதினேழு பேரும் தகுதியற்றோர் என்று கொள்வது கணக்கறியாதவன் பேச்சு.

இந்தக் கணக்கு எம்மோடு தொடங்கியதுமன்று. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையிலே படித்த கிராமப்புற இளைஞர்கள் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் சார்பிலே டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த நிபுணர் குழு, இந்நாட்டின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. கல்வி இளைஞரிடம் வளர்த்துவிடும் எதிர்பார்ப்புக்கும், பொருளாதாரம் தரவல்ல தொழில்களுக்குமிடையே பொருத்தமில்லை என்பது அக்குழுவின் முக்கியமான முடிவு. அரைநூற்றாண்டு கடந்தும் அந்த இடைவெளி அடைபடவில்லை. ஆகையால் மறுப்புக் கடிதம் பெற்றவன் முதலில் விடுபடவேண்டியது, தன்னைத் தானே குற்றவாளியாக்கும் மனநிலையிலிருந்தேயாகும்.

பிறரைக் குற்றவாளியாக்கும் மனநிலையும் உண்டு. அதற்கும் நாம் இரையானோம். எமக்குக் கிடைக்காத அந்த ஓரிடத்தைப் பெற்றவர்மீது நெடுநாள் பகைமை பாராட்டினோம். செல்வாக்கினால் பெற்றார் என்று ஆதாரமின்றியே நண்பர்களிடம் கூறியுமிருக்கிறோம். அதை இப்போது எழுதும்போதும் நாணமாகவே உள்ளது.

2017 பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவிலே வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அம்பாறை, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று அது பரவி, மாதக்கணக்கில் நீடித்தது. அப்பெரும்போகத்தில் நாடெங்கும் கடும் வரட்சி. தந்தையாரின் வயலிற் பாதி விதைக்கப்படாமலே கிடந்தது. வீட்டில் பணம் இல்லை. பகலிலே திருகோணமலையில் நடைபாதையில் அமர்ந்திருந்துவிட்டு, மாலை வகுப்புக்குப் பேருந்தில் ஊர் திரும்புவோம். ஒருநாள் எமக்கருகே வந்து பாயில் அமர்ந்தவரைத் திரும்பிப் பார்த்தால், நாம் பகைத்த அதே மனிதர்! அவருடைய ஒப்பந்தம் முடிந்து, நீடிக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அவரும் ஒரு விவசாயியின் மகன். தாம் கொண்டுவந்த சோற்றுப் பொதியைப் பிரித்து, ‘சாப்பிடுங்க மச்சான்’ என்று பாதியை எம்பக்கம் நகர்த்தினார். தெரிவு செய்யப்பட்டவனையும் செய்யப்படாதவனையும் ஓராண்டு இடைவெளியில் ஒரே பாயில் இருத்திவிட்ட ஏற்பாட்டை அன்றுதான் முழுமையாகக் கண்டோம். பாதிச் சோற்றை உண்டோம். செய்த பழிச்சொல்லை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

பின்னர் போட்டிப் பரீட்சை எழுதி ஆசிரியராயினோம். அன்று நடைபாதையில் இருந்தோர் எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்கும் திட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியோடு அரச சேவையின் கதவுகள் மீண்டும் இறுகின.

அன்று வேலியடியில் நின்ற சிறுமி இப்போது பட்டதாரி. சென்ற மாதம் ஒரு மாலையில் அவள் வீட்டுக்கு வந்தாள். கையிலே இரண்டு வரிக் கடிதம். ‘எனக்குத்தான் ஏதோ குறை போல, சேர்’ என்றாள். அண்ணா என்ற அழைப்பு ‘சேர்’ ஆகிவிட்டது. கடிதம் மட்டும் மாறவேயில்லை. கவலைப்படாதே என்று நாம் சொல்லவில்லை. கவலைப்பட அவளுக்குக் காரணமுண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இடங்கள் என்று கேட்டோம். அவள் சொன்னாள். அந்த எண்களை அக்கடிதத்தின் பின்புறத்தில் அவளையே எழுதச் செய்தோம். அடுத்த விண்ணப்பத்தின் முடிவுத்திகதியைக் கேட்டு, அதையும் கீழே குறிக்கச் சொன்னோம். வேலையற்ற பட்டதாரிகள் மீண்டும் கூடிப் பேசுவதாக அறிந்திருந்தோம். அங்கும் போகும்படி கூறினோம். தனியே எழுதும் விண்ணப்பம் ஓரிடத்துக்காக. கூடிக் கேட்பது இடங்கள் பெருகுவதற்காக. இரண்டும் வேண்டும்.

எழுந்து புறப்பட்டவளிடம், ‘திண்ணையில இப்ப பதினாலு பிள்ளையள் இருக்கினம் தங்கச்சி. கீழ்வகுப்புப் பிள்ளையள நீ பார்க்கிறியா?’ என்று கேட்டோம். அவள் உடனே பதில் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். வேலியடிவரை போய்த் திரும்பி, ‘எத்தனை மணிக்கு சேர்?’ என்றாள்.

நாலு மணிக்கு என்றோம்.