விடுதி கட்டலாம், ராத்திரி யார் இருப்பது?

ஓம் சரவணபவ.

நம்ம கோயில் பின்பக்க நிலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டலாம் என்று செயலவையில் பேச்சு நடப்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள், பிபிஆர் வீடுகளில் அப்பா அம்மா ரெண்டு பேரும் ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள், இவங்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, டியூஷன், தேவார வகுப்பு. நல்ல எண்ணம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமா எத்தனை மாடி, எத்தனை வெள்ளி, திறப்பு விழாவுக்கு எந்த ஒய்பியைக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடுது. ராத்திரி பிள்ளைகளோடு யார் தங்குவாங்க என்று மட்டும் இன்னும் யாரும் கேட்கலை.

அன்னதானக் குழுவில் என்னைப் பார்க்கிறவங்களுக்கு என் பழைய வேலை தெரியாது. 1993-ல் என் வீட்டுக்காரருக்குச் சரவாக்கில் கப்பிட் பக்கம் கணக்கு ஆசிரியர் வேலை மாற்றல் வந்தது. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வேற உலகம். சிபுவில் இறங்கி, ரஜாங் நதியில் எக்ஸ்பிரஸ் படகு பிடிச்சு மூணு மணி நேரம் போகணும். ஏறக்குறைய 560 கிலோமீட்டர் ஓடுகிற நதி அது, நாட்டிலேயே நீளமானது. அப்போ கப்பிட்டுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஆறுதான் சாலை.

அங்கே ஒரு திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளியில் நாலு வருஷம் வேலை செஞ்சேன். ஹவுஸ் பேரன்ட் என்று பேரு. நாம வார்டன் என்று சொல்வோம், ஆனா வேலை வார்டன் வேலை இல்லை, அம்மா வேலை. பிள்ளைகள் என்னை ‘இண்டாய்’ என்று கூப்பிட்டாங்க. இபான் மொழியில் அம்மா.

“கிறிஸ்துவப் பள்ளியிலயா? திருநீறு வெச்சுக்கிட்டா?” என்று இப்பவும் சொந்தக்காரங்க கேட்பாங்க. ஆமாம், வெச்சுக்கிட்டுத்தான். போதகர் வேலை கொடுக்கும்போதே சொன்னார்: “அம்மா, ஜெபத்தைப் பெரிய பிள்ளைங்க நடத்திக்குவாங்க. நீங்க பிள்ளைங்க தூங்கினாங்களான்னு பாருங்க, போதும்.” என்னை எடுத்ததுக்குக் காரணமும் மறைக்கலை. அதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் வருஷம் முடியுமுன்னே போயிட்டாங்க. ராத்திரி தங்க ஆள் கிடைக்கலை. தீபகற்பத்திலிருந்து போறவங்களுக்கு அங்கே வேலை செய்ய பெர்மிட் வேணும், அதையும் பள்ளியே எடுத்துக் கொடுத்தது.

சரவாக்கில் விடுதிப் பள்ளிகள் ஏன் வந்தது என்று கொஞ்சம் சொல்லணும். 1848-ல் ஆங்கிலிக்கன் பாதிரியார் மெக்டூகல் கூச்சிங்குக்கு வந்து பள்ளி தொடங்கியபோதே பிள்ளைகளைத் தங்கவைத்துத்தான் படிக்க வைத்தார். 1881-ல் கத்தோலிக்க மில் ஹில் பாதிரியார்கள் வந்தாங்க, அப்புறம் மெதடிஸ்ட்டுகள். நீண்ட வீடுகள் ஆத்தோரம் தள்ளித் தள்ளி இருக்கும். தினமும் வந்து போகவே முடியாது. பிற்பாடு அரசாங்கப் பள்ளிகளும் இதே காரணத்துக்காக ஆஸ்ரமா வைத்தன.

நீண்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை தனியாத் தூங்கியே இருக்காது. ஒரே கூரைக்குக் கீழே இருபது முப்பது குடும்பம், பாட்டி பக்கத்தில் கொசுவலைக்குள்ளே படுக்கை. அந்தப் பிள்ளையை ஏழு வயசில் ஈரடுக்குக் கட்டிலில் படுக்க வெச்சா என்ன ஆகும்? முதல் வாரம் முழுக்க அழுகை. நான் கத்துக்கிட்ட முதல் இபான் வார்த்தை ‘ஆனாங் ஞாபாக்’, அழாதே என்று அர்த்தம். இரண்டாவது ‘உடா மாக்காய்?’, சாப்பிட்டாச்சா. நாம ‘பசியாறிட்டியா’ என்று கேட்கிற மாதிரிதான்.

என் வேலை காலை அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கும். ஆனா உண்மையான வேலை ராத்திரி ஒன்பதுக்கு மேலதான். யார் சாப்பாட்டை வெச்சுட்டான், யார் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கான், இதெல்லாம் அப்போதான் கண்ணுக்குத் தெரியும். படுக்கையை நனைக்கிற பிள்ளைங்க நாலஞ்சு பேர் எப்பவும் இருந்தாங்க. நாலரைக்கே எழுந்து, மத்த பிள்ளைங்க கண் முழிக்குமுன்னே துணி மாத்தி, விரிப்பை அலசிப் போடுவேன். ஒருத்தன் கேலிக்கு ஆளானா அந்த வருஷப் படிப்பே போச்சு. சிரங்கு வந்தா ஒருத்தனுக்கு மட்டும் மருந்து போட்டுப் பிரயோஜனமில்லை. அறையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே பென்சில் பென்சோயேட் பூசி, எல்லா விரிப்பையும் வெந்நீரில் துவைக்கணும். நாப்பது பிள்ளைங்களுக்கு நானும் இன்னொரு இபான் அம்மாவும்.

ஒரு விஷயம் நான் மறக்கவே மாட்டேன். புதுசா வந்த ஒரு பையன் கையில் பழைய மணி ஒண்ணு கோர்த்த கயிறு. அவங்க வீட்டில் இன்னும் பழைய வழிபாடு. அவன் உயிருக்குப் பலமா இருக்கட்டும்னு பாட்டி கட்டி விட்டது. இளம் ஆசிரியர் ஒருத்தர், “கிறிஸ்துவப் பள்ளியில் இது எதுக்கு, வெட்டிடுங்க”ன்னு என்னிடம் கத்தரிக்கோலை நீட்டினார். எனக்கு என் கையில் இருந்த காப்புக்கயிறு ஞாபகம் வந்தது. நான் வெட்டலை, போதகரிடம் கூட்டிட்டுப் போனேன். அவர் கயிறைப் பார்த்தார். “இதைப் பாட்டி கட்டினாங்க. அவிழ்க்கணும்னா பாட்டிதான் அவிழ்க்கணும். நாம பிள்ளையை வாங்கிக்கலை, பார்த்துக்கத்தான் வாங்கியிருக்கோம்”னார்.

அவர் தன் மதத்தில் உறுதியான மனுஷர், அதை மறைச்சதே இல்லை. எல்லாப் பள்ளியும் இப்படி நடந்துக்கிட்டாங்கன்னும் நான் சொல்ல வரலை. ஆனா பிள்ளையைப் பெத்தவங்களுக்கு அவங்க பிள்ளையாவே திருப்பிக் கொடுக்கணும் என்பதை நான் அங்கேதான் கத்துக்கிட்டேன். ஜூன் மாசம் காவாய் பண்டிகைக்குப் படகில் அப்பாமார் வந்து நிற்கும்போது, பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கணும். கூச்சப்பட்டு ஒதுங்கி நின்னா, எங்க வேலையில்தான் ஏதோ கோளாறு.

இதை நம்ம பக்கம் திருப்பிப் பாருங்க. நம்ம விடுதிக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளை வருவான். அவன் வீட்டுச் சாமி முனீஸ்வரனா இருக்கும், சுருட்டும் படையலும் வைக்கிற சாமி. “அதெல்லாம் ஆகமம் இல்லை, இனிமே அப்படிக் கும்பிடாதே”ன்னு நம்மில் யாராவது சொன்னா, அந்தக் கத்தரிக்கோலை எடுத்தது நாமதான். கூச்சிங் பக்கம் மாத்தாங் மலைக் காட்டுக்குள் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டில் தேயிலை, காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுபோன நம்ம ஆளுங்க கட்டிக் கும்பிட்டது. ஒரு விடுமுறையில் போய்க் கும்பிட்டேன். அந்த ஜனங்க தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் கும்பிட்டிருப்பாங்க. நம்ம பாட்டன் பூட்டனும் அப்படித்தான்.

நம்மவங்களால் முடியாது என்று சொல்ல வேண்டாம். சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜத்தில் அன்னை மங்களம் பிள்ளைகளோடவே வாழ்ந்தாங்க. 2023-ல் மறையும் வரைக்கும் அவங்க வாழ்க்கையே அதுதான். கூட ஒரு அம்மா இருந்ததால்தான் அந்த இடம் வீடாச்சு.

அதனால் செயலவைக்கு என் விண்ணப்பம். ஒவ்வொரு ராத்திரியும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. பராமரிப்பு மையச் சட்டம் 1993 இருக்கு, சமூக நல இலாகாவிடம் முதலில் போய்ப் பேசிப் பதிவு செய்யணும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017 படி, தெரிஞ்சும் புகார் செய்யாம இருந்தாலே குற்றம். கோயில் பேரு கெட்டுடும்னு மூடி மறைக்கிற பேச்சுக்கே இடமில்லை. தங்குறவங்களுக்குச் சரியான சம்பளம், இபிஎஃப், வாரம் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்க. சேவைன்னு சொல்லிக் குறைச்சுக் கொடுத்தா ஆறு மாசத்தில் போயிடுவாங்க, பிள்ளைங்க இன்னொரு தடவை அம்மாவை இழக்கும். வாரம் ஒரு முறையாவது பெத்தவங்களோடு பிள்ளை பேசணும்.

கட்டட வரைபடத்தை விரிக்குமுன்னே, ராத்திரி தங்கப்போற ரெண்டு பேரோட பேரை எழுதுங்க. முதல் ஒரு வருஷத்துக்கு என் பேரை எழுதிக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்டுட்டேன், சரின்னு சொல்லிட்டார். இன்னொரு பேர் வேணும். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில்தான் இருப்பேன், வந்து பேசுங்க.

முருகா சரணம்.