அந்த ஒரு வேலையை மட்டும்

பிரெஞ்சில் 'ஒர்தொனான்ஸ்மான்' என்று ஒரு சொல் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் கேட்டது. அரசாங்கக் கணக்கு வழக்கில், இந்தத் தொகையைக் கொடுக்கலாம் என்று அதிகாரி எழுத்தில் பிறப்பிக்கும் ஆணைக்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர்காரர்கள் அதே சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள்: எந்த வேலை எப்போது, எதற்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவதற்கு. 34 வருஷம் குமாஸ்தாவாக ஃபைல் கட்டியவனுக்கு இரண்டுமே சொந்தக்காரச் சொற்கள்தான்.

இந்த இரண்டாவது பொருள் எனக்குப் புரிந்தது என் பேத்தியால். சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். இரவில் தானாக ஓடும் வேலைகளைக் கவனிப்பது அவள் பொறுப்பு. கடைகளின் அன்றைய விற்பனைக் கணக்கைத் திரட்டுவது, பிழை பார்ப்பது, ஊர்வாரியாகக் கூட்டுவது, விடிவதற்குள் அறிக்கை அனுப்புவது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இதை நடத்தும் கருவிக்கு ஏர்ஃப்ளோ என்று பெயர். 2014ல் ஏர்பிஎன்பி என்ற அமெரிக்கக் கம்பெனி தன் உபயோகத்துக்காகத் தொடங்கியது. அடுத்த வருஷமே எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டார்கள். திரையில் ஒவ்வொரு வேலையும் ஒரு சின்னக் கட்டம். முடிந்தால் பச்சை, தவறினால் சிவப்பு.

"நடுவுல ஒண்ணு நின்னுபோச்சுன்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஓட்டணுமாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு தாத்தா? நின்னதை மட்டும் எடுத்து கிளியர் பண்ணுவோம். அதுவும் அதுக்குக் கீழே இருக்கறதும் மறுபடி ஓடும். மேலே முடிஞ்சதைத் தொட வேண்டாம்."

மேலே இருப்பதை அப்ஸ்ட்ரீம் என்றும் கீழே இருப்பதை டவுன்ஸ்ட்ரீம் என்றும் சொல்கிறார்கள். ஆற்றுப் பேச்சு! நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடை, கடைமடை, அவ்வளவுதான்.

என் மாமனாருக்குக் கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நிலம் இருந்தது. பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், பாசனம் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தார்கள். ஆகஸ்ட் 15 முதல் 120 நாள் ஒரு பாதிக்கு நன்செய்த் தண்ணீர். பிறகு மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கு. அடுத்த வருஷம் மாற்றி. ஐந்தாம் மதகைத் திறந்து ஆறாம் மதகை மூடி வைக்கலாம், ஒன்றை நம்பி இன்னொன்று இல்லை. ஆனால் தலைவாய்க்காலில் தண்ணீர் விடாமல் எந்த மதகைத் திறந்தும் பயனில்லை. வேண்டியதை மட்டும் ஓட்டலாம் என்றால், எது எதை நம்பியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதில் இரண்டு ஆபத்து உண்டு என்றாள் பேத்தி. ஒன்று, கூட்டல் வேலையை இரண்டு முறை ஓட்டினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். அதனால் அந்த நாளின் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படிதான் அந்த வேலையை அமைக்க வேண்டுமாம். எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றாகவே வரும். மற்றது, 'மார்க் சக்சஸ்' என்று ஒரு பொத்தான். வேலையைச் செய்யாமலே பச்சையாக்கிவிடலாம். கீழே உள்ளவை அதை நம்பி ஓடிவிடும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்காமலே 'சரிபார்க்கப்பட்டது' என்று சீல் வைத்த ஃபைல்களை எத்தனை பார்த்திருப்பேன்!

ஆனால் அன்றிரவு எனக்கு நினைவு வந்தது வேறொரு ஃபைல். 1980களில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு வாட்ச்மேனின் குடும்ப ஓய்வூதியம். அவர் மனைவி அன்னூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். பணிப்பதிவேடு, வாரிசுச் சான்றிதழ், கடைசிச் சம்பளச் சான்று, மாதிரிக் கையெழுத்து எல்லாம் வைத்து நான்தான் அனுப்பினேன். போட்டோவில் போட்ட மேலொப்பத்தில் பதவி முத்திரை தெளிவாக இல்லை என்று மேலே ஓர் அலுவலகம் முழுக் கட்டையும் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு தாளை மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாம். 'மற்றவை ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவை, இந்த இனம் மட்டும் திருத்தி அனுப்பப்படுகிறது' என்று நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். பலிக்கவில்லை. வாரிசுச் சான்றிதழின் தேதி பழையதாகிவிட்டது, புதிது வேண்டும் என்று மறுபடி கட்டு திரும்பியது. அதற்குள் கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறிவிட்டார். ஆக, எல்லாக் கையெழுத்தும் முதலிலிருந்து.

பதினான்காம் மாதம் ஆணை வந்தது. நிலுவைத் தொகை மொத்தமாகக் கிடைத்தது, ஒரு பைசா குறையவில்லை. அந்த அம்மா கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "பையன் படிப்ப நிறுத்திப்போட்டு திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டானுங்க சார். ஒம்பதாவதோட."

ஓய்வூதியம் தாமதமானால் வட்டி போட்டுக் கொடுக்கலாம். பையனின் பத்தாம் வகுப்பு அந்தக் கட்டுக்குக் கீழ்மடையில் இருந்தது. அதை மட்டும் மறுபடி ஓடவிட எந்த அலுவலகத்திலும் வழியில்லை.

இப்போது பலதும் ஆன்லைனில் வந்துவிட்டது, நல்லதுதான். நம் வாசகர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் அரசாங்க வேலையிலும் கம்ப்யூட்டர் வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: ஒரு தாளில் குறை என்றால் அந்தத் தாளை மட்டும் கேளுங்கள். முடிந்ததை மறுபடி செய்யச் சொல்லாதீர்கள். திருப்பி அனுப்பும் முன், கடைமடையில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.