வடக்கே ஒரு வசந்தம் – 5: நாணல் நடுவே ஒரு கூடு

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், குஷிரோ சதுப்பு நிலத்தின் ஓரம் நிற்கிறேன். ஏப்ரல் பாதி கடந்தும் நிழலில் பனி கரையவில்லை. கண்ணுக்கு எட்டியவரை போன வருடத்து நாணல், காய்ந்த வைக்கோல் நிறத்தில். ஒரு பச்சை இலை இல்லை. இந்தக் காய்ந்த நாணலை நம்பித்தான் செந்தலைக் கொக்குகள் இங்கே குடித்தனம் நடத்துகின்றன.

கொக்கு என்றதும் நம் வயல்வெளிக் கொக்கை நினைக்க வேண்டாம். இது ஐந்தடி உயரம். உச்சந்தலைச் சிவப்பு இறகல்ல, வெறும் தோல்.

விடுதிக்காரப் பெரியவர் தொலைநோக்கியைச் சதுப்பின் பக்கம் திருப்பிக் காட்டினார். வெகு தூரத்தில், முழங்கால் ஆழத் தண்ணீருக்கு நடுவே நாணல் தட்டைகளைக் குவித்த மேடு. அதில் ஒரு பறவை அசையாமல் அமர்ந்திருந்தது. அரை மணி கழித்து இணைப்பறவை நடந்து வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்து விலக, வந்தது குனிந்து அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டிவிட்டு, காலை மடித்து அமர்ந்தது. வழக்கமாக இரண்டு முட்டைகள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி முறைவைத்து அடைகாக்கும். சுற்றியுள்ள தண்ணீர்தான் அகழி. அது வற்றினால் நரி நடந்தே வந்துவிடும்.

வேட்டையாலும் நிலம் திருத்தியதாலும் அழிந்தே போனதாக நினைத்த இனம் இது. 1924-ல் இந்தச் சதுப்பில்தான் பத்துப் பதினைந்து பறவைகளை மறுபடி கண்டார்கள். 1952 கணக்கெடுப்பில் 33. கடுங்குளிரில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு இங்குள்ள விவசாயிகள் மக்காச்சோளம் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று ஆயிரத்துக்கு மேல். அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் குளிர்காலத்தில் ஒரே வயலில் நூறு கொக்குகள் கூடி இரை தின்னலாம். கூடு கட்ட ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே விரிந்த சதுப்பு வேண்டும். 1980-ல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உலக உடன்படிக்கையின்கீழ் ஜப்பானின் முதல் தலமானது குஷிரோ. 1987-ல் தேசியப் பூங்கா. எல்லைக்கு வெளியே இருக்கும் ஈரநிலத்துக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே சூரிய மின்பலகைகள் வரிசைகட்டி நிற்கின்றன. இடம் போதாத ஜோடிகள் பண்ணைகளை ஒட்டிய வாய்க்கால் ஓரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன.

ஐனு பழங்குடியினர் இந்தப் பறவையைச் 'சதுப்பின் தெய்வம்' என்றே அழைக்கிறார்கள். இங்கே வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டைக் கண்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். படத்துக்காக ஓரடியும் முன்னே வைக்காதீர்கள்.

(பயணம் தொடரும்)